மூவார ஞானி

மே மாதக் கடைசியில், மழைக் காலம் அப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் தறுவாயில், கோஸ்டாரிக்கா தேசத்துத் தலைநகரான சான் ஹொஸேயின் விமான நிலைய வாயிலில் ஒரு பிற்பகல் நின்று பார்ப்பவருக்கு, நான் சொல்லப்போகிற மனித வகையை வேறு யாரும் சுட்டிக் காட்ட வேண்டியதில்லை. சேற்றுக்கென்றே வாங்கப்பட்டு இன்னும் சேற்றைக் காணாத கனத்த பாதரட்சைகள். முழங்காலுக்குக் கீழேயும் பைகள் வைத்துத் தைத்த காற்சட்டை. எந்தக் குட்டைத் தண்ணீரையும் அமிர்தமாக்கிவிடும் என்று விற்றவன் சத்தியம் செய்து கொடுத்த நீர்க்குடுவை. கொசுவை விரட்டுவதற்கு மூன்று விதமான தைலம். முகத்திலே, இதுவரை ஒரு கொசுவையும் நேருக்கு நேர் சந்திக்காதவர்களுக்கே உரிய அந்த அபூர்வமான மலர்ச்சி. இவர்தாம் மூவார ஞானி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏதோ ஒரு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருக்கும்போதே, ஆரோக்கியம், இயற்கை, உள்ளூர்ப் பண்பாடு ஆகிய மூன்றையும் மூன்றே வாரத்தில், மூன்று கிரெடிட்டுக்குக் கற்றுத் தேர்ந்துவிட்டு ஊர் திரும்புவது என்ற சங்கற்பத்தோடு வந்திருப்பவர். இந்த வகையில் ஆண்களும் உண்டு; பெண்களே அதிகம்.

கல்விக்காகக் கடல் கடக்கும் வழக்கம் அமெரிக்கக் கலாசாலைகளில் தொடங்கியபோது இத்தனை அவசரம் இருந்ததில்லை. 1923-ஆம் வருஷம் டெலவேர் சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்டு மாணவர்கள் தங்கள் பேராசிரியர் ஒருவரோடு கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போனார்கள்; ஒரு வருஷ காலம் அங்கேயே தங்கி, அந்தத் தேசத்து வீடுகளில் உண்டு, அந்தத் தேசத்துப் பாஷையில் பாடம் கேட்டுத் திரும்பினார்கள். அந்த ஒரு வருஷம் நாளடைவில் அரை வருஷமாயிற்று. அரை வருஷம் ஒரு கோடை விடுமுறையாயிற்று. இன்று அயல்நாட்டுக்குப் படிக்கப் போகும் அமெரிக்க மாணவர்களில் பெரும்பாலோர் இத்தகைய குறுகிய கால யாத்திரிகர்களே. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மாலை நேரத்தில் உணவு விடுதியில் தட்டுக் கழுவிச் சம்பளம் வாங்கிப் படிக்கிற பிள்ளையை, ஒரு வருஷம் பாரிஸில் போய் உட்கார்ந்துகொள் என்று சொல்வது உபதேசமல்ல, பரிகாசம். அவர் மூன்று வாரம் வந்தது சரிதான். மூன்று வாரத்தில் எல்லாம் ஆகிவிட்டது என்று அவர் நம்பிவிடுகிறாரே, அந்த நம்பிக்கையின் அழகுதான் என்னை இதை எழுதத் தூண்டுகிறது.

இந்தப் படிப்புக்குக் கோஸ்டாரிக்காவைத் தேர்ந்தெடுத்த பேராசிரியரின் விவேகத்தையும் மெச்சத்தான் வேண்டும். 1948-ல் தன் ராணுவத்தைக் கலைத்துவிட்டு, படை குடியிருந்த கோட்டையைப் பொருட்காட்சி சாலையாக மாற்றிய தேசம் அது. 1941-லேயே ‘காஹா’ என்று ஜனங்கள் செல்லமாகச் சொல்கிற சமூகக் காப்புறுதி நிதியை, தாமே வைத்தியராக இருந்த ஒரு ஜனாதிபதியின் காலத்தில் ஏற்படுத்திக்கொண்ட தேசம். நிலப்பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் காட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. வைத்தியத்துக்கு அமெரிக்கா செலவிடுவதில் ஒரு சிறு பங்கையே செலவிட்டு, ஜனங்களின் ஆயுளில் அமெரிக்காவுக்குச் சளைக்காமல் நிற்கிறது. இவ்வளவையும் மூவார ஞானி முதல் நாள் உபந்நியாசத்திலேயே கேட்டுக்கொள்கிறார். கேட்டதும் அவருக்கு உண்டாகும் பரவசம் சொல்லி முடியாது. ராணுவம் இல்லாத நாட்டில் காலை வைத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே அவருடைய இரத்த அழுத்தம் சற்றுத் தணிந்துவிட்டதாக அன்றிரவு தம் ஏட்டில் எழுதிவிடுகிறார்.

அந்த ஏட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தினந்தோறும் கண்டதையும் கேட்டதையும், அவற்றால் தம் அந்தராத்மாவில் நேர்ந்த மாறுதல்களையும் அவர் அதில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கிரெடிட் கிடையாது. மாறுதல் தினமும் நேர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருக்கிறதே, அது சாமானியமானதல்ல. செவ்வாய்க்கிழமை ஒரு மாறுதல் நேர்ந்துவிட்டால் புதன்கிழமைக்கு வேறொன்று வேண்டும். வியாழக்கிழமையும் சும்மா விடுவதில்லை. ஆகையால் மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, ஜன்னலுக்கு வெளியே காப்பித் தோட்டங்கள் சரிவு சரிவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்க, நம் ஞானி உள்ளே தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் காப்பித் தோட்டங்கள் தம்மை எவ்விதம் மாற்றின என்பதை எழுதிக்கொண்டிருப்பார்.

அவர் தங்குவது ஒரு குடும்பத்தில். ஊரார் மரியாதையாகத் ‘தோன்யா’ என்று பெயருக்கு முன்னால் சேர்த்து அழைக்கும் ஒரு நடுத்தர வயது அம்மையாரின் வீடு அது. வீட்டைக் கண்டுபிடிப்பதே முதல் பாடம். அந்தத் தேசத்தில் வெகுகாலமாகத் தெருப் பெயரையும் கதவிலக்கத்தையும் நம்பி யாரும் விலாசம் சொல்வதில்லை. மாதா கோவிலுக்குத் தெற்கே இருநூறு மீட்டர், ரொட்டிக் கடைக்குக் கிழக்கே ஐம்பது மீட்டர் என்பதுதான் விலாசம். சான் பெத்ரோ என்ற பகுதியில் ‘பழைய அத்தி மரத்திலிருந்து’ என்று தொடங்கும் விலாசங்கள் பிரசித்தம்; அந்தப் பெருமரம் எப்போதோ போய்விட்டது, விலாசம் மட்டும் இன்னும் தழைத்துக்கொண்டிருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியின் வரைபடத்தையே வேதமாகக் கொண்ட ஞானி, இல்லாத மரத்துக்கு மேற்கே நூறு மீட்டர் நடக்கச் சொல்லப்பட்டுத் திகைத்து நிற்கும் காட்சியைக் காண்பதற்காகவே அந்தத் தெருவில் ஓர் ஆசனம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குள்ளே, ஸ்நான அறையில், குழாயின் தலையிலேயே மின்சாரக் கம்பிகள் செருகப்பட்டு வெந்நீர் பொழியும் ஒரு கருவி அவருக்காகக் காத்திருக்கிறது. மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒருபோதும் சேர்க்கலாகாது என்று பால்யத்திலிருந்து படித்து வந்தவர் அதை அண்ணாந்து பார்க்கும்போது, மரண பயம் என்பது இன்னதென்று கொஞ்சம் விளங்குகிறது. மறுநாள் காலை, சோற்றையும் கறுப்பு மொச்சையையும் வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்துப் பிரட்டிய ‘காயோ பின்தோ’ வருகிறது. ஞானி அதைப் படம் பிடிக்கிறார். புரதமும் நார்ச்சத்தும் பொருந்திய பூரண உணவு என்று புகழ்கிறார். அதற்கு அடுத்த நாளும் அதுவே வருகிறது. அப்போதும் புகழ்கிறார், ஆனால் படம் பிடிப்பதில்லை. ஐந்தாம் நாள், சம்பிரதாயத்தை மதிப்பதற்கும் தோசைக்கல்லில் சுட்ட இனிப்பு அப்பம் ஒன்றுக்கு ஏங்குவதற்கும் இடையே அவருடைய உள்ளத்தில் நடக்கும் போராட்டத்தை ஏட்டில் ஏனோ காணோம்.

பாஷை விஷயத்திலும் அவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. தம் ஊர் வகுப்பில் அவர் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ், சிநேகிதர்களை ‘நீ’ என்று அழைக்கும் ஸ்பானிஷ். கோஸ்டாரிக்காவிலோ பலரும் புருஷனையும் பெண்டாட்டியையும் குழந்தையையும் ‘நீங்கள்’ என்றே சொல்வார்கள்; வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட, ‘நீங்கள் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அந்த வீட்டு எண்பது வயதுப் பாட்டியை நோக்கி ஞானி வாய் நிறைய அன்போடு, ‘நீ நன்றாகத் தூங்கினாயா?’ என்று கேட்கும்போது, பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. நாய்தான் ஒரு மாதிரி நிமிர்ந்து பார்க்கும்.

ஆரோக்கியப் பாடத்தின் பெரும்பகுதி ‘எபைஸ்’ என்னும் கிராமச் சுகாதாரக் குழுவோடு சுற்றுவது. 1990-களின் நடுவில் அந்தத் தேசம் செய்த ஏற்பாடு இது: ஏறக்குறைய நாலாயிரம் பேருக்கு ஒரு குழு, அதில் ஒரு டாக்டர், ஒரு தாதி, பதிவேடு எழுதுகிற ஒருவர், வீடு வீடாகப் போய் வருகிற சுகாதார ஊழியர் ஒருவர். இந்தக் கடைசி நபர்தான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். நோயாளி தம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், தடுப்பு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்ன வீட்டில் கர்ப்பிணி, இன்ன வீட்டில் தனியாக ஒரு கிழவர், இன்ன வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு என்று ஜாதகம் கணித்து வைத்திருப்பவர் அவர். நம் ஞானி ஒரு நாள் அத்தகைய ஊழியராகிய ஓர் அம்மாளின் பின்னே போகிறார். மலைச்சரிவில் அந்த அம்மாள் பேசிக்கொண்டே ஏறுகிறார். ஞானி பேசாமல் ஏறுகிறார், ஏனென்றால் மூச்சு பேச்சுக்கு மிச்சப்படவில்லை. மூன்றாவது வீட்டில் அந்த அம்மாள் ஒரு கிழவிக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தற்செயலாகத் திரும்பி ஞானியின் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிழவியைக் கொஞ்சம் நகரச் சொல்லி அவரை அங்கே உட்கார வைத்தார் என்பது போன்ற செய்திகள் கூட வந்தவர்கள் மூலமாகத்தான் வெளியாகும். ஏட்டிலே அன்றைக்குச் ‘சமுதாயப் பங்கேற்பு’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம்.

நிக்கோயா தீபகற்பத்துக்குப் போகாமல் இந்த யாத்திரை பூர்த்தியாகாது. அங்குள்ள முதியவர்கள், அதிலும் ஆண்கள், உலகத்தில் மற்ற இடத்து முதியவர்களைவிட நெடுங்காலம் உயிர் வாழ்கிறார்கள் என்பதை அத்தேசத்து ஜனத்தொகை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துக் காட்டிய பிறகு, அந்த வறண்ட பூமிக்கு வந்து குவிகிற விருந்தாளிகளுக்கு எல்லையில்லை. தொண்ணூற்றைத் தாண்டிய ஒரு பெரியவரின் எதிரே ஞானியும் சகாக்களும் அரை வட்டமாக உட்கார்ந்து, தீர்க்காயுளின் ரகசியம் யாது என்று கேட்பார்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளம், மொச்சை, கால்சியம் மிகுந்த கிணற்று நீர், உடலுழைப்பு, பேரன் பேத்தி சூழ்ந்த வீடு என்ற விடைகளை அவர்கள் முன்பே புஸ்தகத்தில் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். பெரியவர் வாயால் வந்தால் மேற்கோள் காட்டலாம் என்பதற்காகவே கேட்கிறார்கள். பெரியவரோ, இந்தக் கேள்வியைப் போன வாரம் வந்தவர்களும் கேட்டார்கள் என்ற ஞாபகத்தோடு, ‘உங்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா?’ என்று ஆரம்பித்து, ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை, தாயார் தகப்பனார் எங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, மாடு எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று விசாரணையைத் தாமே நடத்தத் தொடங்கிவிடுகிறார். தாயாரைப் பார்த்து நாலு மாதம் ஆயிற்று என்று ஞானி சொல்லும்போது பெரியவர் முகத்தில் தோன்றுகிற அனுதாபம், சாகப்போகிறவனைப் பார்த்து வைத்தியர் காட்டுகிற அனுதாபம்.

இயற்கைப் பாடத்துக்கு மோண்டிவர்டே மலை. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில், மேகம் மரத்தின் மேல் மழையாகப் பெய்யாமல் மரத்தோடு மரமாக நின்றுகொண்டிருக்கும் காடு. அந்த மலைக்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அலபாமாவைச் சேர்ந்த சில குவேக்கர் குடும்பங்கள், யுத்த சேவைக்குப் பெயர் பதிய மறுத்துத் தங்கள் இளைஞர்கள் சிலர் சிறை சென்ற பிறகு, ராணுவத்தைக் கலைத்த தேசமே தங்களுக்கு உகந்தது என்று 1951-ல் அங்கே குடியேறின. மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்து விற்றார்கள், ஓடைகளின் தலைமாட்டிலுள்ள காட்டில் கோடரி படக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1972-ல் தோன்றிய மேகக் காட்டுக் காப்பகத்துக்கு முன்னோடி அதுதான். அவர்களுக்கும் மூவார ஞானிக்கும் உள்ள பேதம் ஒன்றே ஒன்று: அவர்கள் திரும்பிப் போவதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை.

விடியற்காலையில் ஊளைக் குரங்கு எழுப்பும் கர்ஜனையைக் கேட்டுப் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து, இந்தத் தேசத்தில் சிங்கம் இல்லை என்று படித்தது பொய்யா என்று கதவைத் தாழிட்டுக்கொள்வதோடு அவருடைய இயற்கை வழிபாடு தொடங்குகிறது. பிறகு காட்டுக்குள்ளே, மனத்தை அடக்கி, பேச்சை அடக்கி, கைத்தொலைபேசியையும் அடக்கி ஒரு நாள் முழுதும் இருக்க வேண்டும் என்பது விதி. காசிக்குப் போகிற நம்மவர் தமக்கு மிகப் பிரியமான காயை விட்டுவிடப் போய், யோசித்து யோசித்துக் கடைசியில் பாகற்காயை விட்டுவிட்டு வருவதுபோல, ஞானியும் தொலைபேசியைத் தியாகம் செய்கிறார்; காமிராவுக்கு வேண்டும் என்று அதையே பையில் வைத்துக்கொள்கிறார். மரத்தடியில் இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து காட்டோடு ஒன்றிப்போகும்படி ஆக்ஞை. இலைவெட்டி எறும்புகள் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த எறும்பு இலையைத் தின்பதில்லை, பூமிக்கடியில் கொண்டுபோய் அதன்மேல் காளான் பயிர் செய்து அதைத்தான் உண்கிறது என்ற அற்புதமான உண்மையை அவர் படித்திருக்கிறார். ஆனாலும், வழியில் குறுக்கே கிடப்பது இலையா காற்சட்டையா என்று கடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் உரிமையை எறும்பு விட்டுக்கொடுப்பதில்லை.

கெட்ஸால் பறவையைக் கண்டது அவருடைய வாழ்க்கையின் உன்னத நிமிஷம். மரகதப் பச்சையும் ரத்தச் சிவப்பும், பின்னால் நீண்டு அசையும் வால் தோகையுமாகக் காட்டு அவகாடோ மரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. வழிகாட்டி தூரதரிசனிக் கண்ணாடியை முக்காலியில் நிறுத்துகிறார். ஒவ்வொருவரும் தத்தம் தொலைபேசியை நீட்ட, அதைக் கண்ணாடியில் பொருத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறார். பதினைந்து தொலைபேசிகளும் கெட்ஸாலைக் கண்குளிரப் பார்க்கின்றன. பதினாறாவதாகத் தாமே பார்க்கலாம் என்று ஞானி குனியும்போது பறவை போய்விடுகிறது. பாதகமில்லை, படம் இருக்கிறது. அதே மலை முகட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதிருந்து, 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோன பொன்னிறத் தேரையின் படத்துக்கு முன்னால் மட்டும் அவர் சற்று நேரம் நிஜமாகவே மௌனமாக நிற்கிறார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் எனக்கு இந்தப் பரிகாசத்தையெல்லாம் அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். அதற்குள் கம்பியில் தொங்கிக் காட்டுக்கு மேலே சறுக்கிப் போகும் விளையாட்டுக்குப் பஸ் காத்திருப்பதாகச் செய்தி வந்துவிடுகிறது.

கூட வரும் பேராசிரியரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாதி மருந்துப் பெட்டி, பாதி வருகைப் பதிவேடு. இரவில் யாராவது கதவைத் தட்டினால் போர்வையை விலக்குவதற்கு முன்பே, ‘யார், எத்தனை தடவை, காய்ச்சல் உண்டா?’ என்று கேட்கப் பழகியவர்.

அப்படித் தட்ட வேண்டிய முறை ஞானிக்கும் ஒரு நாள் வருகிறது. தெருவோரத்தில் வெட்டி வைத்த பழமோ, அதிகமாகப் புகழப்பட்ட ஏதோ ஒரு குழம்போ, காரணம் எதுவானாலும் வயிறு தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்துவிடுகிறது. பெட்டியிலிருந்து மூன்று விதமான மாத்திரைகள் வெளிவருகின்றன. மூன்றிலும் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகளைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. தோன்யா வந்து பார்க்கிறார். கொல்லைப்புறத்துக்குப் போய் ‘ஹுவானிலாமா’ என்ற தழையைப் பறித்து வந்து கொதிக்க வைத்து ஒரு கிண்ணம் கொடுக்கிறார். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி ஒரு கிண்ணம் கொடுக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி எபைஸில் சொல்லி வைக்கிறார். பாட்டியைக் கட்டிலருகே ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, காய்ச்சல் வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறார். பாட்டி நாள் முழுதும் அங்கேயே இருந்து, ஞானிக்குப் பாதிக்குமேல் விளங்காத ஸ்பானிஷில், தம்முடைய பிரசவங்களைப் பற்றி வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தழைக்கும் மருத்துவமனைக்கும் சண்டையில்லாத வைத்தியம், அண்டை வீட்டார், முதியவர்களுக்கு வீட்டில் உள்ள உத்தியோகம் என்று மூன்று வாரத்துப் பாடத் திட்டம் முழுவதும் அந்த ஒரு கட்டிலைச் சுற்றி நடந்து முடிந்துவிடுகிறது. ஏட்டில் அன்றைய பக்கம் வெறுமையாக இருக்கிறது. உடல்நிலை காரணமாக எழுத இயலவில்லை என்று பேராசிரியருக்கு ஒரு மன்னிப்புக் குறிப்பு மட்டும் உண்டு.

ஞானி தோன்யாவை ஆராய்ச்சி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, தோன்யா எத்தனையோ வருஷமாக ஞானிகளை ஆராய்ச்சி செய்து வருகிறார் என்பது பாடத்திட்டம் வகுத்தவர்களுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேராக வந்து போனவர்களின் படங்கள் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரை நிறைத்திருக்கின்றன. அவர்களால் வந்த தொகையில்தான் பின்கட்டு அறைக்குக் கூரை போட்டார். பெட்டியின் கனத்தைக்கொண்டே அழும் நாள் எது என்று அவர் சொல்லிவிடுவார். கனத்த பெட்டிக்காரர் நாலாம் நாள் அழுவார். சிறு மூட்டையோடு வருபவர் கடைசி நாள் அழுவார். எதையும் சாப்பிட மாட்டேன் என்பவர் ராத்திரியில் ரொட்டி தேடுவார். எதையும் சாப்பிடுவேன் என்பவருக்குத்தான் கஞ்சி தயாராக வைத்திருக்க வேண்டும். இவர்கள் ஏன் வீட்டுக்குள்ளே இவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், ஏன் தண்ணீர்க் குடுவையைத் தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள், பெற்றவளோடு பேசுவதற்கு ஏன் நேரம் குறித்துக்கொள்கிறார்கள் என்ற விஷயங்களில் தோன்யாவுக்குத் திடமான சித்தாந்தங்கள் உண்டு. பிற்பகல் காப்பி வேளையில், துணிப்பையில் பொடியைப் போட்டு மரச்சட்டத்தில் தொங்கவிட்டு வெந்நீர் ஊற்றி இறக்கிய காப்பியைப் பருகிக்கொண்டே, அண்டை வீட்டுத் தோன்யாவோடு அவற்றை அவர் சர்ச்சை செய்வதுண்டு. அந்தத் தோன்யாவும் ஒரு ஞானியை வைத்துப் பராமரிப்பவரானபடியால், முடிவுகளை ஒத்துப் பார்க்க வசதி இருக்கிறது.

பிரியும் நாளன்று எல்லோரும் அழுகிறார்கள். ஞானி அழுவது உண்மை. தோன்யா அழுவதும் உண்மை. இதில் பரிகாசத்துக்கு இடமில்லை. ஊருக்குப் போனதும் அவர் நிகழ்த்தும் பிரசங்கத்தில் கெட்ஸால் உண்டு, நிக்கோயாப் பெரியவர் உண்டு, ‘நான் ஒரு புது மனிதனானேன்’ என்ற வாக்கியம் உண்டு. துணிப்பைக் காப்பிச் சட்டம் ஒன்று அவருடைய சமையலறையில் குடியேறுகிறது. கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘பூரா வீதா’ என்று அந்தத் தேசத்து வாழ்த்தையே பதிலாகச் சொல்கிறார். வாடகை கொடுக்கத் தாமதமானதற்கும் அதுவே பதிலானபோது வீட்டுக்காரர் ஆட்சேபித்ததாகக் கேள்வி. ஆகஸ்டு மாதத்துக்குள் காப்பிப் பை காய்ந்துவிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தாயாருக்குத் தொலைபேசி போட்டு, எந்தக் காரியமும் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசுகிற ஒரு வழக்கம் அவரிடம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அது அந்த மூன்று கிரெடிட்டில் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குள் தோன்யாவுக்கு அடுத்த ஞானியைப் பற்றிய விண்ணப்பத் தாள் வந்து சேர்ந்துவிடுகிறது. பால் ஆகாது, கோதுமை ஆகாது, பூனை பிடிக்கும், நாய்க்குப் பயம் என்ற வரிகளையெல்லாம் அவர் சலனமின்றிப் படித்துக்கொண்டே போகிறார். கடைசி வரியில், ‘சமையலறையில் குடும்பத்தாருக்கு உதவி செய்து கற்றுக்கொள்ள மிக்க ஆவல்’ என்று இருப்பதைக் கண்டதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் ஆறு தட்டுகள் கூடுதலாக வாங்கி வருகிறார்.